வயலில்லாதோர் பொங்கல்

தை முதல் நாள் விடியற்காலை. இரத்தினபுரிக்குத் தெற்கே, நிவித்திகலையைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் பனி இன்னும் விலகவில்லை. அடியில், பள்ளத்தாக்கு முழுவதும் வயல்கள். வயல்களின் நடுவே ஆங்காங்கே இரத்தினக்கல் தோண்டும் குழிகளும் அவற்றின்மேல் தாழ்ந்த ஓலைக் கூரைகளும். வயலுக்கு மேலே சிங்களக் கிராமத்தவரின் வீட்டுத் தோட்டங்கள், பலா, கமுகு, கித்துள். அதற்கும் மேலே இறப்பர். இன்னும் மேலே தேயிலை. அந்தத் தேயிலைக்கும் இறப்பருக்கும் இடையிலே, தகரக் கூரையிட்ட நீண்ட லயங்கள். நிவித்திகல நாட்டின் தரைத்தோற்றத்தை இவ்வாறு கீழிருந்து மேலாக ஒருமுறை பார்த்துவிட்டால், அங்கு வாழும் மக்களின் சரித்திரத்தில் பாதியை அறிந்துகொண்டதாகவே கருதலாம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் அத்தகைய லயமொன்றில், ஆசிரிய நண்பர் ஒருவரின் அழைப்பின்பேரில், பொங்கல் நாளைக் கழிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. விடியுமுன்பே வாசல்கள் சாணத்தால் மெழுகப்பட்டிருந்தன. அரிசி மாவிற்கு வசதியில்லாத வீட்டார் கோதுமை மாவினாலேயே கோலமிட்டிருந்தனர். காம்பராவுக்கு ஓர் அடுப்பு வீதம், மூன்று கற்களைக் கூட்டி, வரிசையாகப் பானைகள் ஏறின. புகை எழுந்தது, குழந்தைகள் புத்தாடையோடு ஓடித்திரிந்தனர். ஒரு பானையில் பால் பொங்கி வழிந்தபோது எழுந்த குரல் அடுத்த வாசலுக்குத் தாவி, லயத்தின் கடைக்கோடி வரை சென்று திரும்பியது. கூரையின் கீழே அடைபட்டுக் கிடக்கும் வாழ்வு, ஆண்டில் அன்றொரு நாள்தான் வெளியே வந்து, வெயிலில் அடுப்பு மூட்டி, ஊரோடு உண்கிறது.

என் அருகே, வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்துக் கைவிரல்கள் கறுத்துப்போன மூதாட்டி ஒருவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். ஏதோ பேசவேண்டும் என்பதற்காக, “பாட்டி, இது எந்த ஊரில் விளைந்த அரிசி?” என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

“கடையில வெளஞ்சதுதான் தம்பி. நமக்கு வேற ஏது வயலு?”

வேடிக்கையாகச் சொல்லப்பட்ட சொல்தான். ஆனால் அன்று முழுவதும் அது என்னை விடவில்லை. பொங்கல் அறுவடைத் திருநாள். புதுநெல்லைக் குத்திப் புதுப்பானையிலிட்டு, ஞாயிற்றுக்கும் மாட்டுக்கும் மண்ணுக்கும் நன்றி கூறும் உழவர் திருநாள். ஏரும் இல்லாத, வயலும் இல்லாத, ஒரு சாண் நிலமும் தமதென்று சொல்ல இயலாத மக்கள் அதை ஏன் கொண்டாடுகின்றனர்? அவர்கள் பானைக்கு அந்த அரிசி எவ்வழியாக வந்து சேர்ந்தது? இவ்வினாக்களுக்கு விடைதேடப் புகுவோமாயின், இரு நூற்றாண்டுச் சரித்திரம் நம்முன் விரியக் காண்போம்.

ஒரு பொருள், ஓர் ஊர், ஒரு விழா

தாம் உண்ணும் உணவில் ஏதேனும் ஒரு பொருளைத் தேர்ந்து, அதை நடுநாயகமாக வைத்து ஊர்கூடி உண்ணும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. இத்தாலி நாட்டில் இவ்விழாவுக்குச் ‘சாக்ரா’ என்று பெயர். புனிதமானது என்ற பொருள்தரும் பழைய இலத்தீன் சொல்லின் வழிவந்தது அது. முன்பு கோயில் திருநாளாக இருந்தது. நாளடைவில் ஊரின் விளைபொருள் ஒன்றன் திருநாளாகவும் ஆயிற்று. ஓர் ஊரில் கஷ்கொட்டைக்கு விழா. இன்னோர் ஊரில் காளானுக்கு. வேறோர் ஊரில் வெங்காயத்திற்கு. ஊர்ச் சதுக்கத்தில் நீண்ட மேசைகளை இட்டு, திறந்த வெளியில், தெரிந்தவரும் தெரியாதவரும் தோளோடு தோளுரச அமர்ந்து உண்பார்கள். வெரோனா நகருக்கு அண்மையிலுள்ள ஈசோலா தெல்லா ஸ்காலா என்னும் சிற்றூரில் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் அரிசிக்கே பெருவிழா எடுக்கின்றனர். கடல் கடந்து வாழும் அம்மக்களும் அரிசியைக் கொண்டாடுகின்றனர் என்று அறியும்போது நமக்கு ஒருவகை உறவுணர்ச்சி தோன்றுவது இயல்பே.

ஆனால் அந்த அரிசிக்கும் ஒரு கதை உண்டு. வட இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளியில், வெர்செல்லி, நொவாரா, பாவியா முதலிய மாவட்டங்களில், வயலில் களை பறிக்க ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான ஏழைப் பெண்கள் பிற மாவட்டங்களிலிருந்து இரயிலேறி வந்தனர். ‘மொந்தினே’ என்பது அவர்களுக்கு வழங்கிய பெயர். முழங்கால் நீரில், குனிந்த முதுகோடு, கொசுக்கடிக்கும் அட்டைக்கும் இடையே நாற்பது நாள் வேலை. கூலியில் ஒரு பகுதி பணமாகவும் ஒரு பகுதி அரிசியாகவும் அளக்கப்பட்டது. நாளொன்றுக்கு ஒரு கிலோ அரிசி என்பது பிற்காலத்து வழக்கு. வெர்செல்லிப் பெண்கள் 1906ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் செய்து எட்டு மணி நேர வேலையை வென்றெடுத்தனர். 1949இல் ஜூசெப்பே தெ சாந்திஸ் எடுத்த ‘கசப்பு அரிசி’ என்ற திரைப்படம் அவர்களின் வாழ்வை உலகறியச் செய்தது. பின்னர் களைகொல்லி மருந்துகளும் இயந்திரங்களும் வந்தன. மொந்தினேப் பெண்கள் வயலிலிருந்து மறைந்தனர். இன்று விழா மேசையில் அமர்ந்து அரிசியைச் சுவைப்போரில் அப்பெண்களை நினைப்பவர் எத்தனை பேர்?

உணவு விழா எதுவாயினும், அங்கு நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: இப்பொருளை விளைவித்தவர் யார், உண்பவர் யார்? நிவித்திகலை லயத்து வாசலில் இக்கேள்வி இன்னும் கூர்மை பெறுகிறது. இங்கே பொங்குகிறவர்களின் முன்னோர், நெல் விளைந்த நாட்டிலிருந்து வந்தவர்கள்.

பஞ்சத்திலிருந்து பேரேட்டுக்கு

1820களில் இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் தோன்றியது முதல், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, சேலம், தஞ்சை, திருநெல்வேலி ஆகிய பகுதிகளிலிருந்து தொழிலாளர் இங்கு வரலாயினர். அவர்களிற் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த நிலமற்ற விவசாயக் கூலிகள். நாற்று நட்டவர்களும் கதிர் அறுத்தவர்களும் அவர்களே. ஆயினும் நெல் மிராசுதாரரின் பத்தாயத்துக்குப் போயிற்று. அவர்கள் வீட்டு அடுப்பில் கேழ்வரகும் கம்பும் சோளமுமே வெந்தன. அரிசிச் சோறு அவர்களுக்குத் திருநாள் உணவு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்தபோது, தானியமோ துறைமுகங்கள் வழியாக ஏற்றுமதியாகிக்கொண்டுதான் இருந்தது. தாம் விளைவித்த நெல் தமக்கு இல்லை என்ற நிலை, கடல் கடக்கும் முன்பே அவர்களுக்கு ஏற்பட்டுவிட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

ஊருக்கு வந்த ஆள்கட்டிகள் இந்தப் பசியைத்தான் முதலாக வைத்தனர். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் அகப்படும் என்று ஆசைகாட்டிய கதை மலையகம் முழுவதும் இன்றும் சொல்லப்படுகிறது. முன்பணம் கையில் விழுந்தது. அந்தப் பணமே முதல் தளை. கங்காணியின் பேரேட்டில் வழிச்செலவும், கம்பளியும், சோறும் கடனாக ஏறின. தோட்டத்தில் கூலியின் ஒரு பங்கு அரிசியாக வழங்கப்பட்டது. மலைமேல் கடை ஏது, வயல் ஏது? துரைமார் இந்தியாவிலிருந்து இறக்குமதியான அரிசியை மொத்தமாக வாங்கி, தோட்டக் களஞ்சியத்திலிருந்து அளந்து கொடுத்து, அதன் விலையைக் கூலியில் கழித்துக்கொண்டனர். விலையை வைத்தவரும் அளவைப் பிடித்தவரும் கணக்கை எழுதியவரும் ஒரே தரப்பினர். கணக்கை வாசிக்கத் தெரியாதவர் மறு தரப்பினர். இதில் எடை எப்பக்கம் சாய்ந்திருக்கும் என்று எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இரத்தினபுரிப் பகுதிக்கு முற்காலத்தில் அரிசியும் உப்பும் களுகங்கை வழியே பாதைப் படகுகளில் ஏறிவந்தன. 1912ஆம் ஆண்டளவில் களனிவெளிக் குறும்பாதை இரயில் இரத்தினபுரியை எட்டியது. இறப்பரும் தேயிலையும் கொழும்புத் துறைமுகத்தை நோக்கி இறங்கின. அரிசி மூட்டைகள் துறைமுகத்திலிருந்து மலையை நோக்கி ஏறின. அந்த இரண்டு சுமைகளுக்கும் இடையே தொழிலாளியின் உழைப்பு விலைபேசப்பட்டது.

கடன்காரத் தொழிலாளியைத் தோட்டம்விட்டுத் தோட்டம் மாற்றப் பயன்பட்ட ‘துண்டு’ முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ், 1929 முதல் நாட்கூலி வரையறுக்கப்பட்டது: மலையின் உயர்பகுதியில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம், நடுப்பகுதியில் 52, 41, 31, தாழ்பகுதியில் 50, 40, 30. இந்தக் கூலி அரிசியின் விலையோடு பிணைக்கப்பட்டிருந்தது. ஒரு மனிதனுக்கு மாதத்தில் எத்தனை அரிசி வேண்டும் என்று கணித்து, அவன் அடுத்த மாதமும் வேலைக்கு வரப் போதுமானதை அளிப்பதே கூலி என்று கருதப்பட்டது. 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தின்போது, அரிசி விலை இறங்கிவிட்டது என்பதையே காரணங்காட்டிக் கூலியையும் குறைத்தார்கள். உழைப்பவனின் வாழ்வை அரிசியால் அளப்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? இக்காலத்தில்தான் கோ. நடேசய்யரும் அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாளும் தோட்டந்தோறும் சென்று தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டும் பணியைத் தொடங்கினர். கணக்கைக் கேள்வி கேட்கலாம் என்ற எண்ணம் லயத்துக்குள் நுழைந்தது அப்போதுதான்.

வரம்புக்கு அப்பால்

மலையில் நின்று கீழே பார்க்கும்போது, பள்ளத்தாக்கில் நெல் விளைகிறது. அதை விளைவிக்கும் சிங்கள விவசாயியின் வாழ்வு செழிப்பானதாக இருந்ததா? தோட்டத் தொழிலாளியின் சரித்திரத்தை எழுதுவோர் பலர் இந்த வரம்பைத் தாண்டிப் பார்ப்பதில்லை. கிராமத்தின் சரித்திரத்தை எழுதுவோர் மலையை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. இரண்டும் ஒரே சரித்திரம்.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், எழுத்துமூல உரித்தில்லாத காட்டையும் சேனை நிலத்தையும் அரசுக்கு உரியனவாக்கியது. 1897ஆம் ஆண்டின் தரிசு நிலச் சட்டம் எஞ்சியதையும் சுருட்டியது. கிராமத்தவன் தலைமுறை தலைமுறையாகக் குரக்கன் விதைத்த சேனை, மாடு மேய்த்த புல்வெளி, விறகு வெட்டிய காடு யாவும் துரைமாரின் தோட்டமாயின. போதாதென்று நெல்லின்மீது தானிய வரி. வரி கட்ட இயலாத விவசாயிகளின் வயல்கள் 1880களில் வலப்பனைப் பகுதியில் ஏலம்போனதும், மக்கள் பட்டினியால் மடிந்ததும் இலங்கைச் சரித்திரத்தின் கறைபடிந்த பக்கங்கள். அவ்வரி 1892இல்தான் ஒழிக்கப்பட்டது. ஆக, கடலுக்கு அப்பால் வயலை இழந்தவனும், மலைக்குக் கீழே காட்டை இழந்தவனும் ஒரே ஆட்சியின்கீழ் இழந்தவர்கள். ஆயினும் ஒருவன் மற்றவனைத் தன் நிலத்தைப் பறிக்க வந்தவனாகக் கருதுமாறு செய்யப்பட்டான். ஏகாதிபத்தியத்தின் கைத்திறன் இதில் அடங்கியிருந்தது.

பண்பாட்டை நோக்கினால் இவ்விரு மக்களின் அடுப்புகளும் எவ்வளவு நெருங்கியவை! சிங்கள விவசாயி புது நெல்லை அறுத்ததும் முதற்படி அரிசியைப் புத்தருக்கும் தேவாலயத்துக்கும் படைக்கிறான். ‘அலுத் சஹல் மங்கல்ய’, அதாவது புத்தரிசி விழா, என்பது அதன் பெயர். நல்ல நாள்களில் அவன் வீட்டில் பாற்சோறு வேகிறது. சித்திரைப் புத்தாண்டில் பால் பொங்கி வழியக் காத்திருக்கிறான். நான் சென்ற லயத்தில் சர்க்கரைப் பொங்கலுக்கு இட்டது கித்துள் கருப்பட்டி. கீழே கிராமத்தில், மரமேறி மலர்ப்பாளையைச் சீவிப் பதநீர் இறக்கிக் காய்ச்சிய ஒரு குடும்பத்தின் உழைப்பு அது. பொங்கி முடிந்ததும் ஒரு வாழையிலையில் பொதிந்த பொங்கல், கருப்பட்டி வந்த அதே பாதையில் கீழே இறங்கிச் சென்றது. அதை எடுத்துச் சென்ற சிறுவனுக்கு அது பெரிய செய்தியாகத் தோன்றவில்லை. நமக்கு அது பெரிய செய்தி.

பர்மா அரிசியும் கோதுமை மாவும்

இரண்டாம் உலகப்போருக்கு முன்னர் இலங்கை உண்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கடல் கடந்து வந்தது. அதிற் பெரும்பகுதி பர்மா அரிசி. ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் காடுகள் வெட்டப்பட்டு நெல்வயல்கள் பரந்ததில் தமிழ் நாட்டுக்கும் பங்கு உண்டு; அங்கு உழைத்த கூலிகளிலும் தமிழர் இருந்தனர், கடன் கொடுத்து நிலத்தை வளைத்த நாட்டுக்கோட்டைச் செட்டிமாரும் தமிழர். 1930களின் பிற்பகுதியில் கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் நான்கில் ஒரு பங்கு வயல் செட்டிமாரின் கைக்குப் போய்விட்டது. இழந்தவர்கள் பர்மிய விவசாயிகள். நிவித்திகல லயத்தில் வெந்த ஒரு பிடி அரிசியில், பர்மிய விவசாயியின் வயலும், தமிழ்க் கூலியின் வியர்வையும், தமிழ் வட்டிக்காரரின் இலாபமும், ஆங்கிலேயக் கப்பலின் வாடகையும் கலந்திருந்தன. இனம் ஒன்றாயினும் வர்க்கம் வேறு என்பதை இதைக்காட்டிலும் எடுத்துக்காட்டும் உதாரணம் அரிது.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசி நின்றது. இலங்கையில் உணவுப் பங்கீடு வந்தது. அரிசியின் இடத்தைக் கோதுமை மா நிரப்பியது. போர் முடிந்தும் மா போகவில்லை. விடியுமுன் எழுந்து பிரட்டுக்களத்துக்கு ஓடவேண்டிய பெண்ணுக்கு, சோறு வடிப்பதைவிட ரொட்டி தட்டுவது விரைவானது. மலையில் வைத்துத் தின்பதற்கும் எளிது. ரொட்டியும் இடித்த சம்பலும் தோட்டத்தின் அன்றாட உணவாக நிலைத்தன. இன்று பலர் இதை மலையக மக்களின் ‘பாரம்பரிய’ உணவு என்று பேசுகின்றனர். யுத்தமும் வேலைநேரமும் ஏற்படுத்திய பழக்கம் அது. பாரம்பரியம் என்று நாம் எண்ணுவனவற்றுள் எத்தனை இவ்வாறு வறுமையின் விளைவுகள் என்று ஆராய்வது மாணவர்களுக்குத் தக்க பணியாகும். சோறு மீண்டும் நல்ல நாளின் உணவாயிற்று. தமிழ் நாட்டுக் கிராமத்தில் முன்னோர் விட்டுவந்த நிலை, சுற்றிச்சுழன்று பேரப்பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தது.

இறப்பருக்கு அரிசி

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரி வேட்பாளர்களுக்குத் துணைநின்றது. சுதந்திரம் பெற்ற ஆண்டிலேயே, 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. இடதுசாரிக் கட்சிகள் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தன, ஆளுங்கட்சி வென்றது. நாட்டின் அந்நியச் செலாவணியை ஈட்டித் தந்த மக்கள், நாடற்றவராயினர்.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. உலகச் சந்தையில் அரிசி விலை ஏறி, இறப்பர் விலை வீழ்ந்தது. மக்கள் சீனத்துடன் வாணிகம் செய்யக்கூடாது என்ற அமெரிக்காவின் மிரட்டலைப் பொருட்படுத்தாது, 1952 டிசம்பரில் இலங்கை, சீனத்துடன் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பருக்கு ஈடாக 2,70,000 தொன் அரிசி. சீனா இறப்பருக்குச் சந்தை விலையினும் மிகுந்த விலை அளித்தது. இந்த உறவு திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டு முப்பது ஆண்டுகள் நீடித்தது. நாட்டின் இறப்பர் பெரும்பாலும் எங்கே விளைந்தது? களுத்துறையிலும், சப்பிரகமுவ மாகாணத்தின் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களிலும். விடியுமுன் விளக்கேந்தி மரத்துக்கு மரம் ஓடிப் பால் வெட்டியவர்களில் சிங்களத் தொழிலாளரும் இருந்தனர். பிரஜாவுரிமை பறிக்கப்பட்ட தமிழ்த் தொழிலாளரும் இருந்தனர். கொழும்பிலும் காலியிலும் பங்கீட்டுக் கடையில் அளக்கப்பட்ட சீன அரிசியின் ஒரு பகுதி, வாக்குரிமையற்ற அந்தக் கைகள் ஈட்டித் தந்தது. வயலில்லாதவன் நாட்டுக்கே சோறிட்டான் என்றால் அது மிகையன்று.

அடுத்த ஆண்டு யூலையில், பங்கீட்டு அரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு உயர்த்தப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. 1953 ஆகஸ்ட் 12ஆம் நாள் இடதுசாரிக் கட்சிகளின் அறைகூவலை ஏற்று நாடு ஹர்த்தாலில் இறங்கியது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, வீதிகள் மறிக்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டுக்குப் பலர் இரையாயினர். அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி துறந்தார். ஒரு கொத்து அரிசி ஓர் அரசை ஆட்டிவைத்தது.

பெருமிதத்தோடு நினைக்கவேண்டிய நாள் அது. ஆனால் தோட்டத் தொழிலாளர் அதில் பெருந்திரளாகக் கலந்துகொள்ளவில்லை என்பதையும் மறைத்தலாகாது. அரிசியே கூலியாக வாழ்ந்த மக்கள், அரிசிக்காக நடந்த மாபெரும் போராட்டத்தின் ஓரத்தில் நின்றனர். நான்காண்டுகளுக்கு முன் அவர்களின் வாக்கு பறிபோனபோது கிராமம் அமைதியாக இருந்தது. கிராமம் எழுந்தபோது மலை அமைதியாக இருந்தது. இவ்விரு அமைதிகளும் இணைந்து ஆளும் வர்க்கத்துக்கு அளித்த பலத்தின் விலையை இரு சாராரும் பின்னர் செலுத்தினர்.

பட்டினி ஆண்டுகள்

1964 ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர் எண்ணிப் பிரிக்கப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு அரசுகளும் பாதிக்குப் பாதி பகிர்ந்துகொண்டன. அரிசி மூட்டையைப் பகிர்வது போன்ற கணக்கு! தமிழ் நாட்டுக்குத் திரும்பியோரில் பலருக்கு அங்கும் வயல் கிடைக்கவில்லை. 1968இல் தமிழ்நாட்டு அரசு நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் திட்டத்தில், மீண்டும் கொழுந்துக் கூடையே முதுகில் ஏறியது.

1973, 1974ஆம் ஆண்டுகளில் உலகத் தானிய விலை உயர்ந்தது. பங்கீட்டு அரிசியின் அளவு குறைக்கப்பட்டது. மாவும் எளிதில் கிட்டவில்லை. மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுசெல்வது தடுக்கப்பட்டது. கிராமத்தவனுக்கு மரவள்ளி நட ஒரு துண்டு நிலமாவது இருந்தது. லயத்துத் தொழிலாளிக்கு? வாசலில் கீரைப் பாத்தி போடுவதற்கும் துரையின் அனுமதி வேண்டும். தோட்டப்புறங்களில் இறப்பு வீதம் 1974இல் கூர்மையாக உயர்ந்ததைப் புள்ளிவிவரங்கள் காட்டுகின்றன. அந்த ஆண்டுகளைக் கண்ட முதியோர், கிழங்கும் கீரையும் வேகவைத்துத் தின்ற நாள்களைப் பற்றி இன்றும் தாழ்ந்த குரலிலேயே பேசுகின்றனர். இடதுசாரிகளும் பங்குகொண்ட ஓர் அரசின் காலத்தில் இது நடந்தது என்பதை முற்போக்காளராகிய நாம் மறக்கலாகாது. தன் குறையைக் காணாத இயக்கம் வளர்வதில்லை.

1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தமும், 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானதும், சரித்திரம் தந்த அரிய வாய்ப்புகள். நிலத்தில் உழைத்தவருக்கு நிலத்தில் ஒரு பங்கு அளித்திருக்கலாம். கிராமத்தவனையும் தோட்டத் தொழிலாளியையும் ஒரே கூட்டுறவில் இணைத்திருக்கலாம். அது நடக்கவில்லை. கிராமத்தின் நிலப்பசியைத் தொழிலாளிக்கு எதிராகத் திருப்பிவிட்டவர்களே பயன்பெற்றனர். 1977இலும் 1981 ஆகஸ்டிலும் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தன. பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்றன. அங்கே காடு வெட்டிக் குடியேறியோரில் சிலர், தலைமுறைகள் கழித்து முதன்முறையாகத் தமக்கென நெல் விதைத்தனர். பின்னர் அங்கும் போர் சூழ்ந்தது.

பானை சொல்லும் பாடம்

2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு நாடற்ற நிலை பெரும்பாலும் முடிவுக்கு வந்தது. 2021 மார்ச்சில் நாட்கூலி ஆயிரம் ரூபாவாக அறிவிக்கப்பட்டது. அதற்குப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே, 2022இன் பொருளாதார நெருக்கடியில் அரிசியும் மாவும் விலையேறி அந்த உயர்வை விழுங்கின. உணவுப் பற்றாக்குறையால் மிகுதியாகத் துன்புற்றோர் தோட்டத்துறையினரே என்று அப்போது நடந்த ஆய்வுகள் காட்டின. 1823 முதல் 2023 வரை இருநூறு ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர்; முன்னோர் நடந்துவந்து, பலர் மடிந்து வீழ்ந்த அதே வழி. அந்நடையில் எழுந்த கோரிக்கைகளில் நிலவுரிமையும் ஒன்று. அரசு பேசிவந்த தீர்வோ, வீடு கட்ட 7 பேர்ச் நிலம். வீடு வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஏழு பேர்ச்சில் உத்தரம் ஏற்றலாம். ஏர் ஓட்ட முடியாது.

இப்போது நம் முதல் வினாவுக்குத் திரும்புவோம். வயலில்லாதவர்கள் ஏன் பொங்குகிறார்கள்? பழக்கத்தினால் என்று கூறிவிடலாம். அது போதாது. பேரேட்டில் ‘ஆள்’ என்றும், ஒப்பந்தத்தில் ‘எண்’ என்றும் எழுதப்பட்ட மக்கள், தாம் உழவர் வழிவந்தவர் என்ற நினைவை ஆண்டுக்கொருமுறை அடுப்பேற்றிக் காக்கின்றனர். அளந்து கொடுத்த அரிசியையும், பங்கீட்டு அரிசியையும், கடையரிசியையும், ஒரு நாளேனும் தமது விளைச்சலாக எண்ணிப் பொங்குகின்றனர். அந்த நினைவில் ஓர் உரிமைக்குரல் அடங்கியிருக்கிறது. மண்ணில் உழைத்தவனுக்கு மண்ணில் பங்கு வேண்டும் என்ற குரல் அது. நிவித்திகலைப் பள்ளத்தாக்கில், இரத்தினக்கல் குழிகளுக்காக வயலை இழந்துவரும் சிங்கள விவசாயியின் குரலும் அதுவே.

ஆசிரியர்களும் மாணவர்களும் இவ்விழாவைப் பாடநூலில் ஒரு படமாகக் கண்டு அமைந்துவிடலாகாது. உங்கள் ஊர்த் திருநாளில் பானையில் வேகும் பொருள் எங்கிருந்து வந்தது, யார் விளைவித்தார், யார் சுமந்தார், யார் விலை வைத்தார் என்று வினவுங்கள். முதியோரிடம் கேட்டு எழுதிவையுங்கள். அவர்கள் சென்றபின் அந்தப் பக்கங்களை நிரப்ப எந்த ஆவணக் காப்பகத்தாலும் இயலாது.

அன்று மாலை நான் விடைபெற்றபோது, அந்த மூதாட்டி ஒரு பொதியில் பொங்கல் கட்டிக் கொடுத்தார். கீழே இறங்கும் பாதையில் வயல் வந்தது. அறுவடைக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. பச்சைக் கதிர்கள் தலைசாயத் தொடங்கியிருந்தன. மலையில் பொங்கி முடித்துவிட்டார்கள். வயலில் இனித்தான் விளையவேண்டும். என்றேனும் ஒரு தையில், “எங்கள் வயலில் விளைந்தது” என்று அந்த லயத்துப் பேரப்பிள்ளை ஒருத்தி விடை கூறவேண்டும். அந்த விடையை அவள் கூறும் நாளுக்காக உழைப்பது, மலையிலும் பள்ளத்திலும் உள்ள நம் அனைவரின் கடன்.